பெயரில்லா நட்சத்திரங்கள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக் கடற்கரையிற் போய் நின்று கிழக்கே நோக்குவோருக்குக் கடலும் வானும் ஒட்டிக்கொள்ளும் அக்கோடு ஒன்றே தென்படும். அக்கரையிலிருந்து ஏறக்குறைய 5 கடல் மைல் தூரத்தில், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஒரு பெரிய போர்க்கப்பல் சாய்ந்து கிடக்கின்றது. 'ஹேர்மிஸ்' என்பது அதன் பெயர். விமானந்தாங்கிக் கப்பலாகவே ஆதியில் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற முதலாவது கப்பல் அதுவே என்பர். 1918ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் அதன் வேலை தொடங்கியது. ஆனால் 1924ஆம் ஆண்டில் அது சேவைக்கு வருவதற்குள் ஜப்பானியர் தம்முடைய 'ஹோஷோ' என்னும் கப்பலை 1922ஆம் ஆண்டிலேயே முடித்து முந்திக்கொண்டனர். அதே ஜப்பானியரின் விமானங்களே பின்னர் ஹேர்மிஸைக் கடலுக்குள் அனுப்பின.

யுத்தப் பதக்கங்களையும் படைச் சின்னங்களையும் சேர்க்கும் பழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதவே நாம் முற்பட்டோம். மாணவர் பலர் முத்திரை சேர்ப்பார்கள். சிலர் நாணயம் சேர்ப்பார்கள். பதக்கம் சேர்ப்போர் நம் பகுதியில் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆயினும் வாவிக்கரையில் இருந்துகொண்டு இவ்விடயத்தைப் பேசுகிறவர் ஹேர்மிஸிலிருந்து தொடங்காமல் வேறெங்கிருந்து தொடங்குவது?

1942ஆம் ஆண்டு சித்திரை மாதம். அம்மாதம் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அடுத்தது திருகோணமலை என்பது யாவர்க்கும் தெரிந்தது. 8ஆம் திகதி மாலை எதிரிக் கப்பல்கள் நெருங்குவதாகச் செய்தி வரவே, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அன்றிரவே வெளியேற்றப்பட்டுத் தெற்கு நோக்கிச் சென்றன. ஹேர்மிஸும் அதற்குத் துணையாக 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அவற்றுட் சேர்ந்தவை. மறுநாட் காலை திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதல் ஓய்ந்ததும் அவ்விரு கப்பல்களும் திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு நேரே, எதிரியின் வேவு விமானம் ஒன்றின் கண்ணிற் பட்டன.

ஹேர்மிஸிலே அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதற்குரிய விமானங்கள் திருகோணமலையில், சீனன்குடா விமானத்தளத்தில் நின்றன. விமானந்தாங்கிக் கப்பல் விமானமின்றிக் கடலில் நிற்பது, வாளில்லாத உறையை இடையிற் கட்டிக்கொண்டு போர்க்களம் புகுவது போலாகும். எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு வந்தன. காலை பத்தரை மணிக்குச் சற்றுப் பின்னர் தொடங்கிய தாக்குதல் இருபது நிமிட அளவில் ஹேர்மிஸின் கதையை முடித்துவிட்டது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் சிறிது நேரத்தில் இரண்டாய்ப் பிளந்து மூழ்கியது. அதன் தலைவர் மோறன் உயிர் துறந்தார். 'ஹொலிஹொக்' என்னும் சிறு போர்க்கப்பலும், 'பிரிட்டிஷ் சார்ஜன்ற்', 'அதெல்ஸ்ரேன்' என்னும் எண்ணெய்க் கப்பல்களும் அன்றே இக்கடலில் மூழ்கின. அவ்வழியே வந்த 'வீற்றா' என்னும் வைத்தியக் கப்பல் ஏறக்குறைய 600 பேரை நீரிலிருந்து தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுசென்றது.

இத்துணையும் சரித்திரம். இனிப் பதக்கத்துக்கு வருவோம்.

ஹேர்மிஸ் கப்பலில் இருந்த ஒருவருடைய பதக்கங்கள் எவ்விதமாயிருக்கும்? இரண்டாம் உலக யுத்தத்துக்கெனப் பிரித்தானிய அரசு வெளியிட்ட பதக்கங்களுள் ஆறு முனை கொண்ட நட்சத்திரங்கள் பல உண்டு. பித்தளையை ஒத்த மஞ்சள் நிறச் செப்புக் கலவையாற் செய்யப்பட்டவை அவை. நடுவிலே ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் எழுத்துச் சின்னமும், சுற்றிலும் நட்சத்திரத்தின் பெயரும் இருக்கும். யுத்தம் முழுமைக்கும் பொதுவானது '1939-45 நட்சத்திரம்.' போர்க்களத்தைப் பொறுத்து ஆபிரிக்கா, இத்தாலி, பசிபிக், பர்மா என வேறு நட்சத்திரங்களும் சேரும். இவற்றைப் பார்ப்போர் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. பர்மா நட்சத்திரத்தைக் கண்டவுடன், "இவர் பர்மாக் காட்டிலே சண்டையிட்டவர்" என்று சொல்லிவிடுகின்றனர். தரைப்படையினர் விடயத்தில் அது பெரும்பாலும் சரி. கடற்படையினருக்கோ, இலங்கையின் தென்முனையிலிருந்து சுமாத்திராவின் தெற்குப் பக்கமாகச் செல்லும் ஒரு கோட்டுக்கு வடக்கேயுள்ள வங்காள விரிகுடா முழுவதும் பர்மா நட்சத்திரத்துக்குரிய பரப்பாகக் கொள்ளப்பட்டது. கல்லடிக் கரையிலிருந்து காணும் கடலும் அதனுள் அடங்கும். பர்மாவின் மண்ணை மிதியாத மாலுமி ஒருவர் மட்டக்களப்புக் கடலிற் பணிசெய்தே அந்நட்சத்திரத்தைப் பெற்றிருக்கலாம். அதன் நாடாவிலே நடுவிற் சிவப்பும், இருபுறமும் கருநீலமும், அந்நீலத்தினிடையே செம்மஞ்சட் கோடுகளும் அமைந்திருக்கும். சிவப்புப் பிரித்தானியப் படைகளையும் செம்மஞ்சள் கதிரவனையும் குறிப்பன என்பர்.

இப்பொழுது நட்சத்திரத்தைப் புரட்டிப் பின்புறம் பாருங்கள். வெறுமை. முதலாம் உலக யுத்தத்துப் பதக்கமாயின் அதன் விளிம்பிலோ பின்புறத்திலோ படையெண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய யாவும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கையில் எடுத்தவர் ஒரு மனிதனைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த யுத்தத்தில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட வெண்கலத் தகட்டிலும் பெயர் முழுமையாகவே உண்டு. பதவியை மாத்திரம் வேண்டுமென்றே விடுத்தனர். தளபதியும் சிப்பாயும் சாவிலே சமம் என்பது கருத்து. அந்த மரியாதை இரண்டாம் யுத்தத்தில் இல்லாமற் போயிற்று. பிரித்தானிய அரசு தன் நட்சத்திரங்களைப் பெயர் பொறியாமலே ஒரு சிறு கடதாசிப் பெட்டியில் இட்டுத் தபாலில் அனுப்பியது. பெட்டியின்மேல் விலாசம் இருக்கும். உள்ளே எந்தெந்தப் பதக்கங்கள் என்று காட்டும் ஒரு துண்டு இருக்கும். அவை இரண்டும் தொலைந்தால் நட்சத்திரம் அநாதை.

அவுஸ்திரேலியா, இந்தியா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகள் இவ்வாறு செய்யவில்லை. அவை தம் வீரருக்குக் கொடுத்த நட்சத்திரங்களிற் பெயரைப் பொறித்தே கொடுத்தன. ஆகவே ஒரே காலைப்பொழுதில், ஒரே கடலில், ஒரே எதிரியின் குண்டுக்கு இரையான இரு கப்பல்களுள், வம்பயர் மாலுமியின் பதக்கம் இன்றைக்கும் தன் சொந்தக்காரனின் பெயரைச் சொல்லும். ஹேர்மிஸ் மாலுமியின் பதக்கம் வாய் திறவாது. பதக்கம் சேர்ப்போர் எதனைப் பெரிதாக மதிக்கின்றனர் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை. உலோகத்தின் விலை அற்பம். பெயரோடும் பெட்டியோடும் கடிதத்தோடும் சேர்ந்த பதக்கத்துக்கே மதிப்பு.

இதனை நாம் பட்டறிந்தே எழுதுகிறோம். எமது சிறு பிராயத்திலே, 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பல ஆண்டுகள் முன்னர், எம் பெத்தா வீட்டு அலுமாரியில், பழைய சேலைகளுக்கு அடியில், நாடாவோடு கூடிய ஒரு நட்சத்திரம் கிடந்தது. கறுத்துப் போயிருந்த அதனைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் இட்டு, நாடாவைப் பிய்த்தெறிந்து, பளபளவென்று வரும்வரை தேய்த்தோம். மெச்சுவார் என்று எண்ணிக்கொண்டு பெத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "மனே, அது கழுவுற சாமான் இல்ல" என்று மாத்திரம் சொன்னார். யாருடையது என்று நாம் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. விளையாட்டு ஞாபகத்தில் ஓடிவிட்டோம். பின்னர் பெத்தா காலமானார். 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் திகதி வீசிய அச்சூறாவளி வீட்டின் கூரையையும் றங்குப் பெட்டியில் இருந்த கடிதங்களையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. நட்சத்திரம் மாத்திரம் தப்பியது. அது பர்மா நட்சத்திரம். பின்புறம் வெறுமை.

அந்நட்சத்திரம் யாருடையதாயிருக்கலாம்? இலங்கையிலே யுத்தத்துக்குச் சற்று முன் அமைக்கப்பட்ட தன்னார்வக் கடற்படையிற் சேர்ந்து இக்கடலிற் பணிசெய்த உறவினர் எவரேனும் இருந்தனரா? பர்மாப் போர்முனைக்குப் போன எழுதுவினைஞர் ஒருவரா? அன்றி, எங்கோ பிறந்த ஒரு மாலுமி இவ்வூரில் விட்டுச்சென்றதா? மூன்றும் பொருந்தும், மூன்றில் எது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி போதும். அதுதான் இல்லை.

ஆகவே பதக்கத்தைத் துலக்குதல் கூடவே கூடாது. புளி, சாம்பல், பித்தளை துலக்கும் பூச்சு ஆகிய எதுவும் வேண்டாம். காலத்தால் ஏறிய கருமை அப்படியே இருக்க வேண்டும். எம் கடற்கரைக் காற்றிலே உப்பு மிகுதி; அதனாற் பச்சைக் களிம்பு ஏறும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் புகாத பெட்டியில் வைத்தலே தக்க வழி. நாடாவை வெயிலிற் காயவிடலாகாது. அதன் நிறமே பாதிச் சாட்சி. போலிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், புத்தம் புதிதாய் மின்னும் நட்சத்திரத்தைக் கண்டால் அனுபவசாலிகள் முதலிற் சந்தேகமே கொள்வர்.

பணம் செலவிட வசதியில்லாத மாணவர்க்கு யுத்தகால நினைவுப் பொருள்களுள் மிக எளிதானது நாணயமும் நோட்டுமே. உலோகத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட அக்காலத்தில் இலங்கை அரசு சதக் கணக்கிலும் தாள் நோட்டு அடித்தது. அவற்றுள் 1942ஆம் ஆண்டின் ஐந்து சத நோட்டு வேடிக்கையானது. அதன் நடுவே முத்திரைத் தாளிற் போலத் துளை வரிசை ஒன்றுண்டு. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மறு துண்டு 3 சதம்! கடைக்காரருக்குச் சில்லறை கொடுக்க அரசாங்கமே காட்டிய வழி அது. கிழியாத முழு நோட்டைக் கண்டெடுப்பவர் பாக்கியசாலி. சதுர வடிவான ஐந்து சத நாணயமும் அவ்வாண்டில் நிக்கல் கலந்த பித்தளையில் மஞ்சளாக வெளிவந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியோர் குடும்பங்களிலே, ஜப்பானியர் அங்கு அச்சிட்ட 'வாழைமர நோட்டு' கட்டுக்கட்டாகக் கிடந்ததுண்டு. யுத்தம் முடிந்த அன்றே அது செல்லாக் காசாயிற்று. வாழ்நாட் சேமிப்பு முழுவதும் அவ்வாறு கடதாசியானதைக் கண்டவர்கள் அதை எறியவும் மனமின்றி, வைத்திருக்கவும் மனமின்றிப் பெட்டியின் அடியில் இட்டனர். அதைக் கேட்டு வாங்கச் செல்லும் மாணவர் அவ்வருத்தத்தையும் சற்றே நினைத்துக்கொண்டு கேட்பது நன்று.

எடுக்கலாகாத பொருள்கள் சிலவும் உள. ஹேர்மிஸ் கிடக்கும் இடம் ஒரு சேமக்காலை. அரசு ஒன்றின் போர்க்கப்பல் மூழ்கினாலும் அவ்வரசுக்கே உரியது என்பது நாடுகள் மதித்துவரும் வழக்கம். ஆழங்காண வல்ல சுழியோடிகள் வெளிநாடுகளிலிருந்தும் அதனைக் காண வருகின்றனர். பார்த்துவிட்டு வரலாம், ஒரு திருகாணியைத்தானும் எடுத்து வரலாகாது. இஃது அதிகப்பிரசங்கம் என்று எண்ணுவோர் ஜாவாக் கடலில் நடந்ததை அறிதல் வேண்டும். அங்கு 1942ஆம் ஆண்டில் மூழ்கிய 'டி றூய்ற்றர்', 'ஜாவா' என்னும் ஒல்லாந்தக் கப்பல்களைத் தேடி 2016ஆம் ஆண்டில் இறங்கியவர்கள் கடலடியிற் கப்பல் கிடந்த பள்ளத்தையே கண்டனர், கப்பல்களைக் காணவில்லை. பழைய இரும்புக்காக எவரோ துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டனர். மலாயாக் கடலில் மூழ்கிய 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'றிப்பல்ஸ்' ஆகிய கப்பல்களின் இரும்பைச் சூறையாடியதாக 2023ஆம் ஆண்டில் ஒரு சீனக் கப்பலை மலேசிய அதிகாரிகள் தடுத்து வைத்தனர். 

மற்றொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எம் மாவட்டத்தில் யுத்தம் என்றவுடன் 1942ஐ நினைப்போர் இன்று மிகச் சிலர். 1983 முதல் 2009 வரையில் நடந்த யுத்தமே இங்குள்ள தாய்மாரின் நினைவில் இருப்பது. வயலிலோ பற்றைக் காட்டிலோ வாவிக்கரைச் சேற்றிலோ துருப்பிடித்த உலோகம் எதனையும் கண்டால், அது எந்த யுத்தத்தினது என்று ஆராயும் வேலை மாணவருடையதன்று. தொடாமல், காலால் தட்டியும் பாராமல், விலகிச் சென்று பொலிஸாருக்கு அறிவித்தல் வேண்டும். ஐம்பது ஆண்டு மண்ணிற் கிடந்த குண்டும் வெடிக்கும். அவ்வாறே அண்மைக்கால யுத்தத்தின் சின்னங்களைச் சேகரிக்கும் ஆசையையும் நாம் எவர்க்கும் சிபாரிசு செய்யமாட்டோம். ஒரு வீட்டின் சுவரிலே மாட்டியிருக்கும் படத்தைச் சேகரப் பொருள் என்று எவரும் எண்ணுவதில்லை. ஒரு சட்டைப் பொத்தானும் சில வீடுகளில் அத்தகைய படமே.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடையே நூலிழை போற் கிடக்கும் நாவலடியையும் கல்லடிக் கரையோர வீடுகளையும் அழித்தபொழுது, மனித உயிர்களின் முன் பெட்டி பேழைகளைப் பற்றி நினைக்க எவர்க்கும் மனம் வரவில்லை. நினைப்பது முறையுமன்று. ஆனால் சூறாவளி, யுத்தம், பேரலை என்னும் மூன்றும் கடந்து இன்று எஞ்சியிருக்கும் பழம் பொருள்கள் எத்துணைச் சில என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தாலே அறிவர்.

அவ்வாறு ஏதேனும் எஞ்சியிருப்பின், வீட்டிலுள்ள மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கலாம். பள்ளி மாணவர் விடுமுறையில் ஒரு நாள் மாலையிலே முடிக்கத்தக்க வேலை இது. யாருடையது, எந்தப் படையில், எந்த ஊரில், எக்காலத்தில், இப்பொருள் வீட்டுக்கு வந்தது எவ்வாறு என்று கேட்டால் ஐந்து வரிக்குள் அடங்கும். மை காலப்போக்கில் ஊறிப் பரவும். பென்சிலால் எழுதுதல் நலம். எழுதிய தாளைப் பொருளோடு ஒட்டாமல், பக்கத்தில், அதே பெட்டிக்குள் மடித்து வைக்க வேண்டும். தாளைப் படமெடுத்து வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிட்டால் அடுத்த சூறாவளிக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. யுத்தத்தில் மாண்டவராயின், பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேட்டில், பெயரைக் கொண்டு எவரும் இணையத்திலே தேடிப் பார்க்கலாம். ஹேர்மிஸில் மாண்டு, கடலே கல்லறையானவர்களுட் பலரின் பெயர்கள் இங்கிலாந்தில் பிளிமத் நகரத்துக் கடற்படை நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. பதக்கத்திற் பொறிக்க மறந்ததை நினைவுச் சின்னத்திலாவது பொறித்தனர்.

எம் வசமுள்ள நட்சத்திரத்துக்கும் ஒரு தாள் எழுதிவிட்டோம். நாடா இல்லை, புதிது வாங்கிக் கோக்கவும் நாம் விரும்பவில்லை. தாளில் உள்ளது இவ்வளவே: "பர்மா நட்சத்திரம். மட்டக்களப்பில் எம் பெத்தா வீட்டு அலுமாரியில் இருந்தது. உரியவர் பெயர் தெரியாது. புளியிட்டுத் தேய்த்தவர் நாமே."